தாமதப் பலகை இருந்த இடம்

ஜூன் 3

சின்னவளுக்கு,

நேற்றிலிருந்து பதினான்கு தடவை ஃபோன் அடித்திருக்கிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், கடைசியில் எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும். எழுது, படிக்கிறேன்.

புதுப்பித்த ஸ்டேஷனின் திறப்பு விழாவுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் உள்ளே ஓடு பதித்துச் சுவரைச் செய்தவள் என் தங்கை ஆயிற்றே என்று, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தேன். மூன்றாவது வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ மேடையிலிருந்து பார்த்தாய். பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாய். அதற்கு அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

திரையை விலக்கினார்கள். டிக்கெட் கவுண்டருக்கு மேலே, இருபத்தாறு வருஷம் நான் வண்டித் தாமதம் எழுதிய கரும்பலகை தொங்கிய அதே இடத்தில், சுட்ட ஓடுகளில், ஓர் ஆள் உயரத்துக்கு என் கையெழுத்து.

மாமாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. அன்றைக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை, அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாய். அவர் வாய்விட்டே வாசித்தார். "என் அம்மாவின் கடைசி நாளுக்கு முந்தின நாள், தங்கை புறப்பட்டு வருவதாகச் சொன்னாள். அவசரமில்லை, அடுத்த வாரம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவசரம் என்று எனக்குத் தெரியும். அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்று நினைத்தேன்." வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இது உன் எழுத்தில்ல?" என்று கேட்டார். எனக்கு முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

இந்த ஊரில் என் எழுத்தைத் தெரியாதவர் யார்? வண்டி எப்போது வரும் என்று தினமும் அண்ணாந்து பார்த்து என் எழுத்தைத் திட்டியவர்கள்தானே எல்லாரும். 'லேட்டக்கா' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தானே.

பெயர் எழுத வேண்டாம் என்று, சுவருக்காக நீ ஸ்டேஷனில் வைத்த பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை நம்பித்தான் சீட்டைப் போட்டேன். அந்த ஓடுகளைக் கழற்று. இந்த மாதத்துக்குள் கழற்று.

அக்கா

•

ஜூன் 9

அக்கா,

பெயர் வேண்டாம் என்றேன். பெயர் போடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

என் வேலை எப்படி என்று உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 'இந்த ஸ்டேஷனில் யாருக்காகக் காத்திருந்தீர்கள்' என்ற கேள்வியைப் பெட்டியில் ஒட்டி எட்டு மாதம் வைத்திருந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வந்தன. ஒன்றையும் நான் டைப் அடிப்பதில்லை. எழுதியவரின் கை நடுங்கினால் அந்த நடுக்கமும் சுவரில் வர வேண்டும். படம் எடுத்து, பெரிதாக்கி, ஓட்டில் இறக்கி, சூளையில் சுடுவேன். பதினைந்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

சீட்டுகளைப் பட்டறைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். உன்னுடையதை வாசிப்பதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். அக்காவும் போட்டிருக்கிறாளே என்று. என் பள்ளிக்கூட நோட்டு அட்டையில் எல்லாம் என் பெயரை எழுதிய கை, எனக்குத் தெரியாதா? ஆசையாக எடுத்து வாசித்தேன்.

அன்றைக்கு நான் மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் வைத்து மாமா என்னைக் கேட்டார், "பெத்தவ சாகக் கிடக்கறா, உனக்கு அப்படி என்னடி படம் வரையற வேலை?" என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நீ கதவில் சாய்ந்து நின்றாய். "நீ தகவல் சொன்னியா இல்லையா?" என்று உன்னைத்தான் அடுத்துக் கேட்டார். நீ தலையை ஆட்டினாய். சொன்னேன் என்று.

அப்போது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை தெரியுமா? பாவம் அக்கா, அம்மாவின் நிலைமை புரியாமல் 'அவசரமில்லை' என்று சொல்லிவிட்டாள், இப்போது பயத்தில் தலையாட்டுகிறாள், இந்தக் கூட்டத்தில் அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்ற, அம்மா சாவுக்கு வராதவள் என்ற பட்டத்தை நாலு வருஷம் சுமந்தேன். யார் வீட்டு விசேஷத்துக்கும் என்னை அழைக்கவில்லை. அம்மாவின் படத்தைக்கூட எனக்கு யாரும் தரவில்லை.

ஓட்டைக் கழற்ற மாட்டேன்.

சின்னவள்

•

ஜூன் 15

சின்னவளுக்கு,

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். சீட்டெழுதியது என் மடத்தனம்.

அலுவலகத்தில் எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன், கையால் எழுதிய காகிதம் எதையும் அப்படியே சுவரில் ஒட்ட மாட்டார்கள். டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தித்தான் ஒட்டுவார்கள். உன் சுவரும் அப்படித்தான் வரும் என்று நினைத்துவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. நான் எழுதிய எதுவும் ஒரு நாளைக்கு மேல் நின்றதில்லை. காலையில் எழுதுவேன், கடைசி வண்டி போனதும் ஈரத்துணியால் துடைப்பேன். எழுதினால் போய்விடும் என்று கைக்குப் பழகிவிட்டது. அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றபோதும் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்து வீட்டுக்கு நடந்தபோது நாலு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது. அதை நீ சூளையில் சுட்டு வைத்திருக்கிறாய்.

இங்கே நடப்பதைக் கேள். மாமா என் வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அது போகட்டும், அவர் வந்தாலும் குறை சொல்லத்தான் வருவார். என் மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது, உனக்குத் தெரியாது, யார் சொல்லியிருப்பார்கள். போன ஞாயிறு பெண்ணின் அம்மா ஊருக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கி வெளியே வரும் வழியில்தானே உன் சுவர். வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "நாளைக்கு எனக்கு முடியாமப் போனா என் பொண்ணை அனுப்புவீங்களா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். காபி அப்படியே இருந்தது. அன்றைக்கு மகன் அவனாகவே ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மணி நேரம் அந்த எழுத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதினொரு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டினது நான், படுக்கை மாற்றினது நான், ராத்திரியும் பகலும் மாத்திரை பார்த்துக் கொடுத்தது நான். நீ வருஷத்துக்கு மூன்று தடவை வருவாய். கையெல்லாம் பெயிண்ட், தோளில் ஒரு பை. நீ வருகிற நாளில் அம்மாவுக்குத் தலை வார வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், எழுந்து உட்கார வேண்டும். நீ போனதும் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு தடவையாவது, கடைசியாக ஒரே ஒரு தடவையாவது, எனக்கு மட்டும் இருக்கட்டுமே என்று நினைத்தேன். தப்புத்தான். ஆனால் அந்தத் தப்புக்குள் பதினொரு வருஷம் இருக்கிறது, உன் ஓட்டில் அதற்கு இடமில்லை.

பையனுக்காகக் கேட்கிறேன். கழற்று.

அக்கா

•

ஜூன் 24

அக்கா,

ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

பையன் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் மனசில் அவன் இன்னும், என் பிரஷ்களை எல்லாம் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுப் பயந்து ஒளிந்துகொண்ட சின்னப் பையன்தான்.

நீ ஒத்துக்கொண்டாய், நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சுவருக்கு எடுத்த அறுபது சீட்டுகளில் ஒன்றாக உன்னுடையதை ஸ்டேஷன் குழு தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் சோகமாகப் போகக் கூடாது, இது வேண்டாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். நான்தான் சண்டை போட்டேன். ஊர்க்காரர்களின் குரல் என்று சொல்லிவிட்டு இனிப்பானதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது விளம்பரப் பலகை என்று பெரிய நியாயமெல்லாம் பேசினேன். நான் பேசியது சரிதான். ஆனால் பேசும்போது என் மனசில் ஊர் இல்லை. மாமா கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற அளவு எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பலகை தொங்கிய இடத்தை அளந்து வாங்கியதும் நான்தான். மற்ற ஐம்பத்தொன்பதும் ஒரு சாண் அளவுதான்.

இதை நீ கண்டுபிடித்திருப்பாய். உனக்குத் தெரியாமல் நான் எதை ஒளித்திருக்கிறேன்.

ஆனால் அக்கா, பழிவாங்கியவளுக்குக் கிடைக்க வேண்டிய நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை. திறப்பு விழா முடிந்து நாலைந்து உறவுக்காரர்கள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, தெரியாமல் பேசிவிட்டோம் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு அவர்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. எனக்கு வேண்டியது அவர்களிடம் இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது.

அந்தக் காலையை எனக்குச் சொல். நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த நாளை. அம்மா எழுந்தாளா, பேசினாளா, என்னைக் கேட்டாளா, வலித்ததா? ஒன்றும் மறைக்காமல் எழுது. ஓட்டைக் கழற்றச் சொல்கிறேன்.

பேரம் பேசுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், பேரம்தான்.

சின்னவள்

•

ஜூலை 1

சின்னவளுக்கு,

கேட்டுவிட்டாய். இனிமேல் கேட்டிருக்க வேண்டாம் என்று சொல்லாதே.

அன்றைக்குக் காலை நான் வேலைக்குப் போனேன். நீ கேட்டாயே என்று சொல்கிறேன், அதையும் சொல்லாமல் மறைத்திருக்கலாம். எனக்கு மட்டும் வேண்டும் என்று உன்னை நிறுத்திவிட்டு, பலகை எழுத ஆளில்லை என்று நானே கிளம்பிப் போனேன். மூன்று வண்டிக்குத் தாமதம் எழுதினேன். மனசு கேட்கவில்லை, கையைக்கூடக் கழுவாமல் பத்தரைக்கு வீட்டுக்கு ஓடி வந்தேன். பக்கத்து வீட்டு டீச்சர்தான் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்து போனார்.

அம்மாவுக்குக் கண் புரை முற்றிவிட்டது உனக்குத் தெரியும். கடைசி வாரம் வெளிச்சமும் நிழலும்தான் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். சாக்பீஸ் தூள் காய்ந்து நகக்கண்ணெல்லாம் சொரசொரவென்று இருந்தது. தடவத் தடவ அவள் முகம் மாறியது. நீ வருகிற நாளில் மாறுமே, அந்த மாதிரி.

"வந்துட்டியா குட்டி" என்றாள்.

என்னைக் குட்டி என்று அவள் கூப்பிட்டதே இல்லை. அது உன் பெயர். காய்ந்த பெயிண்ட் என்று நினைத்துவிட்டாள்.

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் என் குரல் தெரிந்துவிடும், அவ்வளவுதான். திறக்கவில்லை. "ம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசினாள். பதினொன்று இருபதுக்குப் போய்விட்டாள். வலிக்கவில்லை. நான் திருடி வைத்திருந்த அந்த ஒரு காலையில் அவள் பக்கத்தில் நீதான் இருந்தாய். நான் வேலையில் இருந்தேன். இப்போது திருப்தியா?

என்ன பேசினாள் என்று எழுத மாட்டேன். அது சுவருக்கு இல்லை.

அக்கா

•

ஜூலை 5

அக்கா,

ஓடு பதிக்கும் மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை வந்து கழற்றுவார். நீ மீதியை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கழற்றுவார். பேரம் முடிந்தது. இது பேரம் இல்லை.

அம்மா என்னிடம் பேசியிருக்கிறாள். நீ பதில் சொல்லியிருக்கிறாய். நாலு வருஷமாக என் அம்மா என்னிடம் கடைசியாகச் சொன்ன சொற்களை நீ வைத்திருக்கிறாய், நான் இங்கே அவளுடைய பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றைத் தேயத் தேயப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் அவள் மாத்திரை பெயரைத்தான் சொல்கிறாள்.

உன்னைத் திட்டி மூன்று பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. திட்ட எனக்குத் தெம்பில்லை. என்னுடையதைக் கொடு.

சின்னவள்

•

ஜூலை 11

சின்னவளுக்கு,

வியாழக்கிழமை நான் போய் நின்று பார்த்தேன். மேஸ்திரி நல்ல மனுஷர், உளியை மெதுவாகத்தான் வைத்தார். ஆனாலும் நீ ஒட்டியது லேசில் வரவில்லை, பாதி ஓடு உடைந்துதான் வந்தது. பின்னால் பலகை தொங்கிய இரண்டு கொக்கியும் சிமெண்ட்டுக்குள் அப்படியே இருந்தன. அந்த இடத்தில் குளிர்பான விளம்பரம் ஒன்று மாட்டப் போகிறார்களாம். உடைந்ததை ஒரு சாக்கில் போட்டு, "யாருதும்மா இது, எடுத்துட்டுப் போறீங்களா?" என்று என்னைக் கேட்டார். கொண்டுவந்து அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போது காலி இடத்தைக் காட்டி, தெரியாதவர்களுக்கும் கதையை முதலிலிருந்து சொல்கிறார்கள். பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மகன் சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.

உன்னுடையதைக் கேட்டாய். எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. பலகையில் எழுதுகிறவளுக்கு நேரத்தையும் சொல்லையும் மாற்றத் தெரியாது. உன் விஷயத்தில் ஒரு தடவைதான் மாற்றினேன்.

"வந்துட்டியா குட்டி. இன்னும் கை கழுவாமத் திரியறியா" என்றாள். நான் ம் என்றேன்.

"அக்கா வேலைக்குப் போயிட்டாளா?" நான் ம் என்றேன்.

"அப்ப அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். என்னைக் கூட்டிட்டுப் போயிடு. அவ நல்லாத்தான் பாத்துக்கறா, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அவ உள்ள வர்ற சத்தம் கேட்டாலே நான் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கறேன். எத்தனை வருஷம்டி தூங்கறது."

என் கை அவள் கைக்குள் இருந்தது. இழுத்துக்கொள்ள முடியவில்லை.

"அவகிட்ட சொல்லிடாத. மனசு விட்டுடுவா. உங்கூட ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னு மட்டும் சொல்லு. கூட்டிட்டுப் போறியா?"

நான் ம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள்.

அவ்வளவுதான். மாமா கேட்டபோது நான் ஏன் தலையாட்டினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். உன் மேல் அன்றைக்கு எனக்கு இருந்த கோபத்துக்கு உன்னைக் கொன்றிருந்தாலும் போதாது. நீ செய்ததெல்லாம் அந்த அறையில் இல்லாமல் இருந்தது ஒன்றுதான், அதையும் நான்தான் செய்தேன்.

இது உன்னுடையது, வைத்துக்கொள். எந்தச் சுவரிலும் போடாதே.

அம்மாவின் படம் ஒன்று தனியாகப் பார்சலில் வரும். வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. வர வேண்டாம் என்று எழுதவும் மாட்டேன், அதை உன்னிடம் ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

அக்கா